கல்யாணப் படமும் நடன நகையும்: ஒரே ஆள் இரண்டு கலைத் தொழில் நடத்தலாமா?

கேட்டிருப்பது இதுதான். தக்கலைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறீர்கள். கூடவே கெம்புக்கல் வைத்த நடன நகைகளை வீட்டிலேயே செய்து விற்கிறீர்கள். இரண்டிலும் ஆர்டர் வருகிறது, இரண்டிலும் சொன்ன தேதி தவறுகிறது. ஒன்றை விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். விடத்தான் வேண்டுமா? விடாமல் நடத்தினால் ஒரே பெயரா, இரண்டு பெயரா? ஜி.எஸ்.டி. எப்படி?

விட வேண்டியதில்லை. ஆனால் இப்போது நடத்துகிற விதத்தை மாற்றியே ஆக வேண்டும். நாகர்கோவிலில் அழைப்பிதழ் வடிவமைப்பதும், சிறு கலைத் தொழில்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்பு. நான் பார்த்த வரையில், இரண்டு தொழில் வைத்திருப்பவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டின் வேலையும் எந்த வாரத்தில் வந்து மோதும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை.

ஒரு வருடக் காலண்டரை மேசையில் விரித்து வையுங்கள். முகூர்த்த மாதம், முகூர்த்தமில்லாத மாதம் என்ற பிரிவு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போதாது. இங்கே மூன்று சமயத்தார் கல்யாணமும் ஒரே போட்டோகிராபரிடம் வருகிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வேலையும் வருகிறது. இந்துக் கல்யாணங்கள் ஆடியிலும் மார்கழியிலும் இருக்காது. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கும். ஆவணி பிறந்ததும், அங்கே சிங்ஙம் பிறந்ததும், ஒரே தள்ளுதான். கத்தோலிக்கர்கள் தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் அவர்கள் கல்யாணங்கள் ஜனவரியிலும், ஈஸ்டர் கழிந்து கோடை விடுமுறையிலும் குவியும். ஈஸ்டரோ நகர்ந்துகொண்டே இருக்கும்: 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. மூன்று வாரத்துக்கும் மேல் வித்தியாசம். திருவிதாங்கோடு, தக்கலை, குளச்சல் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் ரம்ஜான் நோன்பு மாதத்தைத் தவிர்ப்பார்கள். அந்த மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2026-ஐ எடுத்துக்கொண்டால் தவக்காலம், ரம்ஜான் நோன்பு இரண்டுக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலேயே தொடக்கம். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மாசி முகூர்த்தம் மட்டும்தான் கைவசம். இந்த மாதிரி ஓய்வு மாதத்தை ஒரு வருடம் முன்பே கண்டுபிடித்துவிட முடியும்.

நடன நகையின் காலண்டர் வேறு. நவராத்திரி நிகழ்ச்சிகள், விஜயதசமியை ஒட்டிய அரங்கேற்றங்கள், மார்கழிக் கச்சேரிகள், பள்ளி ஆண்டு விழா, கோடை விடுமுறை அரங்கேற்றம். இவற்றோடு கேரளப் பள்ளிக் கலோத்ஸவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளி அளவில் தொடங்கி, உபஜில்லா, ஜில்லா என்று ஏறி, ஜனவரி வாக்கில் மாநிலப் போட்டியில் முடியும். 2025 ஜனவரியில் மாநிலப் போட்டியே திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சுப்புடி என்று ஒவ்வொன்றுக்கும் நகை வேறு. ஒரே பிள்ளை மூன்றிலும் ஆடும். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். சென்னையில் இருப்பவருக்கு இந்தச் சந்தை எட்டாது, உங்களுக்கு எட்டும்.

இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படத் தொழில் இளைப்பாறும் புரட்டாசியும் மார்கழியும்தான் நகைக்கு உச்சம் என்பது தெரியும். நல்ல ஜோடியைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கல்யாணப் படமும் கல்யாண மேக்கப்பும் சேர்த்து நடத்துபவருக்கு இரண்டும் ஒரே முகூர்த்தத்தில் ஒரே காலை நாலு மணிக்கு வந்து நிற்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஏன் தேதி தவறுகிறது? வால் வேலையைக் காலண்டரில் எழுதவில்லை, அதனால்தான். ஆவணியில் எடுத்த கல்யாணம் ஆவணியோடு முடிவதில்லை. படம் பிரிப்பது, நிறம் திருத்துவது, ஆல்பம் பக்கம் அமைப்பது, பெண்ணின் பெரியம்மா படம் விட்டுப்போயிற்று என்று திருத்தம் வருவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் புரட்டாசியில் விழும். நகைக்கு இதற்கு நேர்மாறு, வேலை முழுக்கத் தலைப்பக்கம். நவராத்திரிக்கு வேண்டிய செட்டைப் புரட்டாசியில் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆக ஒரு தொழிலின் வாலும் மற்றதன் தலையும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓய்வு மாதம். உங்களுக்கு அதுதான் தூக்கமில்லாத மாதம்.

இதற்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. ஆடி மாதத்தை முழுக்க நகை கட்டுவதற்கு ஒதுக்குங்கள். கல், முத்து, கம்பி எல்லாம் ஆனியிலேயே வாங்கி வந்திருக்க வேண்டும். நவராத்திரி செட்டுகள் ஆவணி பிறக்கும் முன்பே டப்பாவில் இருக்க வேண்டும். புரட்டாசியில் புதிதாக எதையும் கட்டக் கூடாது. கட்டி வைத்ததைக் கொடுப்பதும் வாங்குவதும் மட்டும்தான். ஆவணிக் கல்யாணங்களின் ஆல்பத்துக்கு விஜயதசமிக்குப் பிறகான தேதியை முன்பணம் வாங்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். தூரமான தேதிக்கு ஆட்கள் சம்மதிப்பார்கள். சொன்ன தேதி தவறுவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்த ஒரு வாரத்தில் முப்பது நாற்பது நல்ல படங்களைத் திருத்தி போனில் அனுப்பிவிட்டால், ஸ்டேட்டஸ் வைக்கவும் வெளிநாட்டில் இருக்கும் மாமனுக்கு அனுப்பவும் அது போதும். ஆல்பம் எப்போது என்ற கேள்வியின் சூடு பாதியாகக் குறையும்.

இன்னொரு சின்ன விஷயம். சர்ச் கல்யாணங்களுக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பு, அதாவது சர்ச்சில் கல்யாண அறிவிப்பு, உண்டு. தேதி கேட்டு வைத்துவிட்டு, ஓலை வாசிக்கத் தொடங்கிய பிறகும் முன்பணம் தராதவர்களுக்காக அந்த நாளைப் பிடித்து வைத்திருக்க வேண்டாம். அந்த நாளில் நகை வேலையையாவது எழுதலாம்.

அடுத்தது கை. இரண்டு தொழிலிலும் உங்கள் கண் இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை எது என்று பிரித்துப் பாருங்கள். படத்தில், கல்யாண நாளும், எந்தப் படம் நிற்கும், எது போகும் என்ற தேர்வும் உங்களுடையவை. நிறம் திருத்துவதையும் பக்கம் அமைப்பதையும் ஆல்பத்துக்கு இவ்வளவு என்று பேசி வெளியே கொடுக்கலாம். நகையில் வடிவமும் கடைசிச் சோதனையும் உங்களுடையவை. முத்துக் கோப்பதும் கல் ஒட்டுவதும் உருப்படிக் கூலிக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் அழகாகச் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே உதவியாளரை வைத்து இரண்டு பக்கமும் ஓட விடாதீர்கள். நீங்கள் படுகிற அதே அவதியை அவரும் படுவார், ஒரு வருடத்தில் போய்விடுவார். வாட்ஸ்அப்புக்கு இரண்டு எண் வையுங்கள். ‘மாங்காய் மாலை இருக்கா’ என்று கேட்பவரும் ‘பந்தல்கால் அன்றைக்கும் வருவீங்களா’ என்று கேட்பவரும் ஒரே எண்ணுக்கு வந்தால் இரண்டில் ஒருவர் பதிலில்லாமல் போவார்.

நம் ஊர் ஈரத்தையும் சொல்ல வேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது, கடல் காற்று வேறு. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதே ஈரத்தில் நகையின் முலாம் கறுக்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் ஒன்று வாங்கி, நாற்பது ஐம்பது சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் கேமரா, நகை இரண்டுக்குமே ஆகும். இரண்டு தொழிலும் சேர்ந்து பயன்படுத்தும் முதலீடு என்று உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இது ஒன்றைத்தான்.

பணத்துக்கு வருவோம். கணக்கு எழுதுபவன் என்பதால் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன்.

படத் தொழிலில் பணம் முன்பணமாக, மொத்தமாக வரும். நகையில் பணம் சரக்காகக் கிடக்கும். தை மாதம் கல்யாண முன்பணம் கையில் நிறைய இருக்கும்போது நாகர்கோவில் வடசேரிக்குப் போனால் கல்லும் முத்தும் கண்ணைப் பறிக்கும். வாங்கிவிடுவோம். சித்திரையில் ஆல்பம் அச்சிடுபவர் பணம் கேட்கும்போது அது டப்பாவில் ஒட்டியாணமாக இருக்கும். முன்பணம் என்பது இன்னும் செய்யாத வேலைக்கான கடன். வேலை முடியும் வரை அது உங்கள் பணம் இல்லை. எனவே இரண்டு தொழிலுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, தனித்தனி கியூஆர் அட்டை. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பணம் போக வேண்டியிருந்தால் தாராளமாகப் போகட்டும். ஆனால் தேதி போட்டு, கடன் என்று எழுதி, திருப்பும் தேதியும் எழுதி வையுங்கள். நீங்களே உங்களுக்குக் கொடுக்கும் கடன்தானே என்று விட்டால், எந்தத் தொழில் எந்தத் தொழிலைத் தாங்குகிறது என்பது கடைசி வரை தெரியாது.

தோவாளையில் பூக்கட்டுபவர்கள் வேலையை ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். உதிரிப்பூவும் சரமும் அன்றன்றைக்குப் பணம். மாணிக்கமாலை ஆர்டர் வேலை. வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் ஒவ்வொன்றாக மடித்துப் பாய் முடைவது மாதிரி பின்ன வேண்டும். நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் வரிசை கோணும். புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு அது. தினப் பணம் தருகிற பூ ஒரு பக்கம் இருந்தால்தான் மாணிக்கமாலைக்கு நிதானமாக உட்கார முடியும். உங்கள் இரண்டு தொழிலிலும் தினப் பணம் இல்லை என்பதுதான் பலவீனம். அதை நகை வாடகையால் ஓரளவு ஈடுகட்டலாம்.

வாடகை என்று ஏன் சொல்கிறேன்? மணிக்கூலி போட்டுப் பார்ப்போம். இவை வெறும் உதாரண எண்கள்தான், உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 60,000 ரூபாய். இரண்டாவது கேமரா ஆள், ட்ரோன், ஆல்பம், வண்டி எல்லாம் போக மிச்சம் 32,000. நிகழ்ச்சி இரண்டு நாளில் 24 மணி, பிரித்துத் திருத்துவது 24 மணி, ஆல்பமும் திருத்தங்களும் 16 மணி. மொத்தம் 64 மணி, மணிக்கு 500 ரூபாய். நகை செட் ஒன்று 4,500-க்கு விற்கிறீர்கள், பொருள் செலவு 2,100. கட்ட 7 மணி, பேச்சு, பேக்கிங், கூரியர் 1 மணி. மணிக்கு 300 ரூபாய். அதே செட்டை ஒரு நிகழ்ச்சிக்கு 700 ரூபாய் வாடகைக்குக் கொடுத்தால், துடைத்துச் சரிபார்க்க அரை மணி. அதற்கு 250 கழித்தால் 450 நிற்கும். பொருள் செலவும், கட்டிய ஏழு மணிக்கு 500 வீதம் கூலியும் சேர்ந்து 5,600. பதின்மூன்று வாடகையில் அது திரும்பிவிடும். அதற்குப் பிறகு அந்தச் செட் துடைக்கும் அரை மணியைத் தவிர உங்களிடம் புதிய உழைப்பே கேட்காமல் சம்பாதிக்கும். கேமராவோடு இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. ஒவ்வொரு செட்டும் வெளியே போகும் முன் கறுப்புத் துணியில் விரித்து ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். ஒரு கல் விழுந்திருந்தாலும் வாக்குவாதமே வராது.

சட்டப் பக்கம் சிலர் தவறாக நினைத்திருப்பது: இரண்டு பெயர்ப் பலகை வைத்தால் வரியும் இரண்டாகப் பிரியும் என்று. பிரியாது. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலின் வரவையும் சேர்த்துத்தான் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு பார்க்கப்படும். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், சேவையும் செய்தால் 20 லட்சம். படம் எடுப்பதும் சேவை, நகையை வாடகைக்குக் கொடுப்பதும் சேவை. ஆகவே உங்கள் வரம்பு 20 லட்சம்தான். படத்தில் 13 லட்சமும் நகையில் 8 லட்சமும் வந்தால் தனித்தனியாகப் பார்க்க இரண்டுமே சின்னது. சேர்த்தால் வரம்பு தாண்டிவிட்டது.

களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம் என்பதும் உங்களைப் பாதிக்கும். வெளி மாநிலத்துக்குச் சேவை செய்தால் அதே 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், முதல் விற்பனையிலிருந்தே பதிவு வேண்டும். அரசுப் பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு. வரவு வரம்புக்குள் இருக்க வேண்டும், பான் இருக்க வேண்டும், பொருள் போகும்போது ஈ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு எடுக்க வேண்டும். உங்கள் நகை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு செட்டையே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வெள்ளியா, கவரிங்கா என்பதிலேயே பதில் மாறும்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவும் ஒருவருக்கு ஒன்றுதான். இரண்டாவது எடுக்கத் தேவையில்லை, எடுக்கவும் கூடாது. ஒரே பதிவில் படச் சேவையையும் நகைத் தயாரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 35 வயது ஆகிவிட்டது என்றால் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தை நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். நகை செய்வதும் அதில் வருகிறது. 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 சதவீதச் சலுகை. அந்தக் கடனை நகைக் கணக்கிலேயே வாங்கி நகையிலேயே செலவழியுங்கள். புது லென்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் என் பதில்: இரண்டு பெயர். கல்யாண வீட்டார் தேடுவது ஒன்று, நடன ஆசிரியை தேடுவது வேறு. ஒரே பக்கத்தில் தாலி கட்டும் படத்துக்குக் கீழே ஜடைநாகம் விலைப்பட்டியல் வந்தால் இருவருமே குழம்புவார்கள். வணிகச் சின்னம் பதிய நினைத்தாலும் நகை 14-ஆம் வகுப்பு, புகைப்படச் சேவை 41-ஆம் வகுப்பு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இப்போதைக்கு எந்தப் பெயரில் அதிகம் தேடப்படுகிறீர்களோ அதை மட்டும் பதிந்தால் போதும்.

வடசேரியில் பரம்பரையாகச் செய்யப்படும் நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெள்ளியில் கெம்பு பதித்துத் தங்கத் தகடு ஒட்டும் வேலை அது. நீங்கள் செய்வது கவரிங்கில் கல் ஒட்டிய நடன நகை என்றால் அந்தப் பெயரைப் போடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். அந்த வேலையில் கண் தேய்ந்த ஆசாரிமாரின் பெயரை நம் பொருளுக்கு ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ‘கெம்புக்கல் நடன நகை’ என்று உள்ளதைச் சொன்னாலே வாங்குவார்கள்.

ஒரு தொழில் மற்றதற்கு உதவும்போதும் கவனம் வேண்டும். நீங்கள் எடுத்த கல்யாணத்தில் மணப்பெண் உங்கள் நகையையே போட்டிருக்கிறாள், படம் அருமையாக வந்திருக்கிறது, நகைப் பக்கத்தில் போடலாமா? கேட்காமல் போடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். எனவே முன்பண ரசீதிலேயே ஒரு வரி சேருங்கள்: இன்னின்ன படங்களை எங்கள் நகைத் தொழிலின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம், அல்லது சம்மதமில்லை. சம்மதமில்லை என்று டிக் செய்பவர்களிடம் திரும்பக் கேட்க வேண்டாம்.

கடைசியாக, ஒன்றை விடவா என்ற கேள்வி. வீட்டில் சொல்வதை வைத்தோ, ஒரு மோசமான புரட்டாசியை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். இந்த ஆவணி முதல் அடுத்த ஆடி வரை ஒரு முழுச் சுற்று, இரண்டு கணக்கையும் மணிநேரத்தோடு தனித்தனியாக எழுதுங்கள். சுற்று முடிந்தபின், ஒரு தொழில் உங்களுக்கு உரிய மணிக்கூலியும் தராமல், மற்றதிடம் வாங்கிய கடனையும் திருப்பாமல் நின்றால், முதலில் அதைச் சுருக்குங்கள். நகை என்றால் விற்பனையை நிறுத்தி வாடகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். படம் என்றால் கேரள வேலையை விட்டு, கல்குளம், விளவங்கோடு தாலுகாவுக்குள் மட்டும் எடுக்கலாம். சுருக்கியும் தேறவில்லை என்றால் மூடலாம். மூடுவதற்கு முன் முன்பணம் வாங்கிய எல்லா வேலையையும் முடித்துக் கொடுத்து, நகை வாடகைக்குப் பிணைத்தொகை வாங்கியிருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் ஒரு தொழிலில் பெயர் கெட்டால் மற்றத் தொழிலின் வாடிக்கையாளருக்கு அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.